பிரிட்டன் நாடாளுமன்றத்தில் வெளியுறவு, ஐரோப்பியக் கேள்விகள்: பதிலை வாசிப்பது எப்படி?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வட லண்டனில் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்கா கையில் ஒரு தாளோடு வந்தார். இலங்கையில், யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் அவருடைய குடும்பக் காணி 1990 முதல் ராணுவத்தின் வசம் இருக்கிறது. அது பற்றித் தொகுதி எம்.பி.க்கு எழுதியிருந்தார். எம்.பி.யும் நாடாளுமன்றத்தில் கேள்வி போட்டு, வந்த பதிலை அச்செடுத்து அனுப்பியிருந்தார். தாளை மேசையில் விரித்துவிட்டு, "கேள்வியும் கேட்டாச்சு, பதிலும் வந்திட்டுது. ஆனா என்ன சொல்லியிருக்கினம் எண்டுதான் விளங்கேல்ல தம்பி" என்றார்.

மூன்றே வரிப் பதில். அதை விளக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அன்று அவர் கேட்டவற்றையும், அதற்கு முன் பலர் என்னிடம் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எம்.பி. கேட்டால் அரசு பதில் சொல்லியே ஆக வேண்டுமா?

பதில் சொல்லாத அமைச்சரைச் சிறையில் போடும் சட்டம் எதுவும் இல்லை. நாடாளுமன்ற மரபும், 1997 மார்ச்சில் இரு அவைகளும் நிறைவேற்றிய தீர்மானமும், அமைச்சர்களுக்கான நடத்தை விதிகளும்தான் அவர்களைக் கட்டுப்படுத்துகின்றன. சபைக்கு உண்மையான, துல்லியமான தகவலைத் தர வேண்டும். தவறு நேர்ந்தால் முடிந்தவரை சீக்கிரம் திருத்த வேண்டும். தெரிந்தே சபையைத் தவறாக வழிநடத்தினால் பதவி விலக முன்வர வேண்டும். சாரம் இவ்வளவுதான்.

மறுக்கவும் வழி உண்டு. தேசப் பாதுகாப்பு ஒரு காரணம். தகவலைத் திரட்ட ஆகும் செலவு இன்னொன்று. எழுத்துமூலக் கேள்விக்கு 850 பவுண்டுக்கு மேல் ஆகும் என்றால் மறுக்கலாம். ஆனால் மறுப்பதையும் எழுத்தில் சொல்ல வேண்டும், அது பதிவாகிவிடும்.

இந்த வழக்கம் எவ்வளவு பழையது தெரியுமா? பதிவில் இருக்கும் முதல் நாடாளுமன்றக் கேள்வி 1721 பிப்ரவரியில் மேலவையான பிரபுக்கள் சபையில் கேட்கப்பட்டது. தென்கடல் கம்பெனி நொடித்து, அதன் தலைமைக் காசாளர் ராபர்ட் நைட் கடல் கடந்து ஓடியிருந்த நேரம். அவர் பிரஸ்ஸல்ஸில் பிடிபட்டதாக வந்த செய்தி உண்மையா என்று கௌப்பர் பிரபு கேட்டார். அரசின் சார்பில் சண்டர்லாந்து பிரபு பதில் சொன்னார். முதல் கேள்வியே ஐரோப்பாவைப் பற்றியது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

எத்தனை வகைக் கேள்விகள் இருக்கின்றன?

டிவியில் நீங்கள் பார்ப்பது வாய்மொழிக் கேள்வி. வெளியுறவு அமைச்சகத்தின் முறை ஏறத்தாழ 5 வாரத்துக்கு ஒரு தடவை, செவ்வாய்க்கிழமை வரும். சுமார் ஒரு மணி நேரம். எம்.பி.க்கள் 3 அமர்வு நாள் முன்பே கேள்வியைக் கொடுத்துவிட வேண்டும். கணினிக் குலுக்கலில் பெயர் வந்தால் நிகழ்ச்சி நிரலில் இடம் கிடைக்கும். குலுக்கலில் முதலில் வருபவருக்கு நேரம் நிச்சயம். இருபதாவதாக வருபவர் உட்கார்ந்தே இருந்துவிட்டுப் போக வேண்டியிருக்கும்.

அன்று அங்கே நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். சபாநாயகர் பெயரைச் சொன்னதும் உறுப்பினர் எழுந்து, "மூன்றாம் கேள்வி, சபாநாயகர் அவர்களே" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடுவார். கேள்வியை வாசிப்பதே இல்லை, அதுதான் ஏற்கெனவே அச்சில் இருக்கிறதே. அமைச்சர் கோப்பைத் திறந்து, எழுதிக்கொடுத்த பதிலை வாசிப்பார். அப்புறம் அதே உறுப்பினர் மறுபடி எழுந்து துணைக் கேள்வி கேட்பார். அது அச்சில் இல்லை. என்ன வரும் என்று அதிகாரிகள் ஊகித்துக் கோப்பில் பக்கம் பக்கமாக வைத்திருப்பார்கள், ஆனாலும் அமைச்சர் சொந்தமாக நின்று பேச வேண்டிய இடம் அதுதான். முதல் பதிலை விட்டாலும் பரவாயில்லை, துணைக் கேள்விக்கு வரும் பதிலை விட்டுவிடாதீர்கள்.

எழுத்துமூலக் கேள்வி வேறு மாதிரி. சத்தம் இல்லை, கேமரா இல்லை. சாதாரணக் கேள்விக்கு 7 நாளில் பதில் தருவது மரபு. இன்ன நாளில் பதில் வேண்டும் என்று நாள் குறித்தும் கேட்கலாம். அதற்குக் குறைந்தது 2 அமர்வு நாள் முன்னறிவிப்பு வேண்டும், ஓர் உறுப்பினர் ஒரு நாளில் 5 வரைதான் போடலாம். ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண் இருந்தால் கேள்வியையும் பதிலையும் நாடாளுமன்ற இணையதளத்தில் யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

திடீரென்று ஏதாவது வெடித்தால் அவசரக் கேள்வி. சபாநாயகர் அனுமதித்தால் அமைச்சர் அன்றே வந்து நின்றாக வேண்டும்.

எது சிறந்தது என்று கேட்டால், நான் எழுத்துமூலக் கேள்வியைத்தான் சொல்வேன். தகவல் வேண்டுமா, எழுதிக் கேளுங்கள். வாய்மொழிக் கேள்வி கவனத்தை ஈர்க்க உதவும்.

வெளியுறவு அமைச்சர் பிரபுக்கள் சபையில் இருந்தால்?

2023 நவம்பரில் டேவிட் கேமரன் பிரபுவாக்கப்பட்டு வெளியுறவு அமைச்சரானபோது இதுதான் நடந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களால் அவரைக் காமன்ஸ் சபையில் கேள்வி கேட்க முடியவில்லை. அவர் சார்பில் ஆண்ட்ரூ மிட்செல் பதில் சொன்னார். காமன்ஸ் சபையின் வாசல் கோட்டருகே நின்றாவது கேமரன் பதில் சொல்லட்டும் என்று நடைமுறைக் குழு பரிந்துரைத்தது. நடக்கவில்லை. காஸாவும் உக்ரைனும் எரிந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. இது சிறிய குறை அல்ல.

ஐரோப்பா பற்றிய கேள்வியை எந்த அமைச்சகத்திடம் கேட்பது?

அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தவரை, பிரஸ்ஸல்ஸிலிருந்து வரும் ஆவணங்களைப் பார்ப்பதற்கென்றே காமன்ஸ் சபையில் ஒரு குழு 1974 முதல் இயங்கியது. 2024 தேர்தலுக்குப் பிறகு அது தொடரவில்லை. வெளியேறும் பேச்சுக்காக 2016-இல் தொடங்கிய தனி அமைச்சகம் 2020 ஜனவரி 31-இல் மூடப்பட்டது. 2024-இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தபோது ஒன்றியத்துடனான உறவு அமைச்சரவை அலுவலகத்தின் பொறுப்பானது. நிக் தாமஸ்-சிமண்ட்ஸ் அதைக் கவனித்தார். வெளியுறவு அமைச்சகத்திலும் ஐரோப்பாவுக்கென ஓர் அமைச்சர் உண்டு. பிரான்ஸுடனோ போலந்துடனோ உள்ள இருதரப்பு உறவு என்றால் அங்கே கேட்க வேண்டும்.

2025 மே 19-இல் லண்டனில் நடந்த பிரிட்டன்–ஐரோப்பிய ஒன்றிய உச்சி மாநாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த ஒப்பந்தமும் எப்படி வந்தது என்றால் அமைச்சரவை அலுவலகம். ஐரோப்பியப் படகுகள் 2038 வரை பிரிட்டன் கடலில் மீன்பிடிக்கலாம் என்ற ஏற்பாட்டால் இங்குள்ள மீனவருக்கு என்ன ஆகும் என்றால் சுற்றுச்சூழல், உணவு அமைச்சகம். விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைச் சோதிக்கும் தானியங்கிக் கதவு என்றால், பிரிட்டன் பக்கம் உள்துறை; அந்தப் பக்கக் கதவு அந்தந்த நாட்டின் பொறுப்பு. தவறான இடத்தில் கேட்டால் கேள்வியை இன்னோர் அமைச்சகத்துக்கு மாற்றிவிடுவார்கள். மாற்றுவது அரசின் உரிமை, எம்.பி. தடுக்க முடியாது.

பிரெக்ஸிட் சமயத்தில் 58 அறிக்கை என்று ஒரு சண்டை நடந்ததே, அது என்ன?

ஒன்றியத்திலிருந்து வெளியேறினால் 58 தொழில்துறைகள் எப்படிப் பாதிக்கப்படும் என்று அரசு ஆராய்ந்து வைத்திருப்பதாகப் பேச்சு. பிரெக்ஸிட் அமைச்சர் டேவிட் டேவிஸின் பேச்சுகளும் அப்படியே தோன்றவைத்தன. கேட்டால் தரவில்லை. 2017 நவம்பர் 1-இல் எதிர்க்கட்சியிலிருந்த கீர் ஸ்டார்மர், அரசருக்கு அல்லது அரசிக்குப் பணிவு விண்ணப்பம் என்ற பழைய நடைமுறையைத் தூசி தட்டி எடுத்தார். சபை அதை ஏற்றால் அரசு ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும். வாக்கெடுப்பு இல்லாமலே நிறைவேறியது. சுமார் 850 பக்கம் வந்து சேர்ந்தது.

டிசம்பர் 6-இல் ஹிலரி பென் தலைமையிலான, பிரெக்ஸிட்டைக் கண்காணித்த காமன்ஸ் குழுவின் முன் டேவிஸ் உட்கார்ந்தார். பென் ஒவ்வொன்றாகக் கேட்டார். வாகனத் துறைக்குப் பாதிப்பு மதிப்பீடு உண்டா? இல்லை. விமானத் தயாரிப்புக்கு? இல்லை. நிதித் துறைக்கு? எல்லாவற்றுக்குமே இல்லை என்றுதான் பதில் வரும் என்றார் டேவிஸ். துறை ஆய்வு வேறு, பாதிப்பு மதிப்பீடு வேறு என்பது அவர் விளக்கம். பென் குரலை உயர்த்தவில்லை, வாதம் செய்யவில்லை. "உண்டா, இல்லையா" என்று துறை துறையாகக் கேட்டார், அவ்வளவுதான். நல்ல கேள்விக்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை.

பதில் உண்மை, ஆனால் கேள்விக்குப் பதில் இல்லை. இப்படி இருக்க முடியுமா?

முடியும். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள்.

1914 ஜூன் 11. முதல் உலகப் போருக்கு இரண்டு மாதம்கூட இல்லை. ரஷ்யாவுடன் கடற்படை ஒப்பந்தம் ஏதாவது செய்தீர்களா, அப்படி ஒன்றுக்காகப் பேச்சு நடந்ததா, நடக்கிறதா என்று ஜோசப் கிங், வில்லியம் பைல்ஸ் என்ற இரு உறுப்பினர்கள் கேட்டார்கள். வெளியுறவு அமைச்சர் சர் எட்வர்ட் கிரே பதில் சொன்னார்: போரில் இறங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய அரசுக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்ள சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தும் வெளியிடப்படாத ஒப்பந்தம் எதுவும் இல்லை என்று பிரதமர் போன வருடம் சொன்னது இன்றும் உண்மை, அதைப் பொய்யாக்கும் பேச்சு எதுவும் முடியவில்லை, அப்படிப்பட்ட பேச்சு எதுவும் நடக்கவும் இல்லை.

இப்போது கேள்வியைத் திரும்பப் படியுங்கள். அவர்கள் கேட்டது, ரஷ்யாவுடன் கடற்படைப் பேச்சு உண்டா என்பது. அவர் சொன்னது, கையைக் கட்டிப்போடும் பேச்சு இல்லை என்பது. பாரம் முழுவதையும் "அப்படிப்பட்ட" என்ற ஒரு சொல் சுமக்கிறது. உண்மையில் ரஷ்யாவுடன் கடற்படைப் பேச்சுக்கு அமைச்சரவை அந்த மே மாதமே சம்மதித்திருந்தது. பிரான்ஸுடன் ராணுவத் தளபதிகள் மட்டத்தில் பேச்சு 1906 ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது. அமைச்சரவை முழுவதற்கும் அது தெரியவந்ததே 1911-இல்தான்.

ஆகஸ்ட் 3-ஆம் தேதி, பிரிட்டன் போரில் இறங்குவதற்கு முந்தைய நாள், 1912 நவம்பரில் பிரெஞ்சுத் தூதர் கம்போனுக்குத் தான் எழுதிய கடிதத்தைக் கிரே சபையில் வாசித்தார். இப்படி ஒரு கடிதம் இருப்பதே பல உறுப்பினர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. அதிலும், தளபதிகளின் திட்டங்கள் உடனே கணக்கில் எடுக்கப்படும் என்ற கடைசி வாக்கியம் வாசிக்கப்படவில்லை.

பல வருடம் கழித்து கிரே தன் நினைவுக் குறிப்பில் நேர்மையாக ஒன்றை எழுதினார்: ஜூன் மாதம் தான் சொன்ன பதில் முற்றிலும் உண்மை, ஆனால் தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு அது பதில் அல்ல என்ற குறை சரிதான் என்று. அதைப் படித்த நாளிலிருந்து நான் எந்தப் பதிலையும் தனியாகப் படிப்பதில்லை. கேள்வியைப் பக்கத்தில் வைத்து, சொல்லுக்குச் சொல் விரல் வைத்துத்தான் படிக்கிறேன்.

அமைச்சர் தவறான பதில் கொடுத்தது தெரிந்தால் என்ன நடக்கும்?

சில நேரம் ஒன்றும் நடக்காது. சில நேரம் வருடக்கணக்கில் விசாரணை நடக்கும்.

ஈராக்குக்கும் ஈரானுக்கும் ஆயுதத் தளவாடம் விற்பதற்கான கட்டுப்பாடுகளை அரசு 1985-இல் நாடாளுமன்றத்தில் அறிவித்தது. 1988-இல் அந்த இரு நாடுகளின் போர் ஓய்ந்ததும், டிசம்பரில் மூன்று இளநிலை அமைச்சர்கள் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். அதை நாடாளுமன்றத்துக்குச் சொல்லவில்லை. எம்.பி.க்கள் கேட்டபோதெல்லாம் கொள்கை மாறவில்லை என்றே பதில் போனது. ஈராக்குக்கு இயந்திரங்கள் விற்ற மேட்ரிக்ஸ் சர்ச்சில் நிறுவனத்தின் அதிகாரிகள் மீது வழக்கு வந்து, 1992 நவம்பரில், முன்னாள் அமைச்சர் ஆலன் கிளார்க்கின் சாட்சியத்தோடு அது சரிந்தது. அவர்கள் சிறைக்குப் போயிருக்கக்கூடும் என்பதை மறக்கக் கூடாது. நீதிபதி ஸ்காட் மூன்று வருடத்துக்கு மேல் விசாரித்து 1996 பிப்ரவரி 15-இல் அறிக்கை தந்தார். ஐந்து தொகுதி. நாடாளுமன்றத்துக்குக் கொள்கை மாற்றத்தைச் சொல்லாமல் விட்டது தவறு என்றார். வெளியுறவு இளநிலை அமைச்சராயிருந்த வால்டகிரேவ் வேண்டுமென்றே ஏமாற்ற நினைக்கவில்லை என்பதையும் ஏற்றார். பிப்ரவரி 26 வாக்கெடுப்பில் அரசு தப்பியது 320-க்கு 319. ஒரே ஒரு வாக்கு! மேலே சொன்ன 1997 தீர்மானம் இதன் பிறகுதான் வந்தது.

நேர்மையாகத் திருத்தியதும் உண்டு. அமெரிக்கா சந்தேகநபர்களை ரகசியமாகக் கடத்திய விமானங்கள் பிரிட்டன் மண்ணைப் பயன்படுத்தவில்லை என்று அமைச்சர்கள் பலமுறை சொல்லியிருந்தார்கள். 2008 பிப்ரவரி 21-இல் வெளியுறவு அமைச்சர் டேவிட் மிலிபாண்ட் சபைக்கு வந்து, 2002-இல் இரண்டு விமானங்கள் இந்தியப் பெருங்கடலில் பிரிட்டன் வசமிருந்த டியாகோ கார்சியா தீவில் எரிபொருள் நிரப்ப இறங்கின, முன்பு சொன்னது தவறு என்றார். அமெரிக்காவே புதிதாகக் கொடுத்த தகவல் அது. இப்படி ஒரு திருத்தம் வருவதற்கே, முன்பு யாரோ கேட்டு ஒரு பதில் பதிவில் இருந்திருக்க வேண்டும்.

டியாகோ கார்சியாவில் சிக்கிய தமிழர்கள் பற்றியும் கேள்விகள் வந்தனவா?

வந்தன. 2021 அக்டோபரில் கனடா போகப் புறப்பட்ட ஒரு மீன்பிடிப் படகு நடுக்கடலில் தத்தளிக்க, அதிலிருந்த 89 பேர் அந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பாலும் இலங்கைத் தமிழர்கள், குழந்தைகளும் இருந்தார்கள். வேலியடைத்த கூடார முகாமில் மூன்று வருடம். தஞ்சம் என்றால் உள்துறைதானே என்று பலர் நினைத்தார்கள். ஆனால் தீவு பிரிட்டனின் இந்தியப் பெருங்கடல் பிரதேசம், அதன் நிர்வாகம் வெளியுறவு அமைச்சகத்தின் கையில். ஆகவே முகாமின் நிலை பற்றிய கேள்விகள் அங்கேதான் போக வேண்டியிருந்தது. 2024 டிசம்பரில் பெரும்பாலோரை பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார்கள்; அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று அந்தப் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றம் அதே மாதம் தீர்ப்பளித்தது. அவர்களை விடுவித்தது கேள்விகள்தான் என்று சொல்லமாட்டேன். வழக்கறிஞர்களும் பத்திரிகையாளர்களும் பட்ட பாடு பெரிது.

எனக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லை. எம்.பி.யிடம் கேட்கலாமா?

தாராளமாக. அந்தத் தொகுதியில் வசித்தால் போதும், கடிதத்தில் முகவரியை மறக்காமல் எழுதுங்கள். இந்திய, இலங்கைக் குடியுரிமை உள்ளவர்கள் இங்கே சட்டப்படி வசித்தால் பொதுத் தேர்தலில் வாக்களிக்கவும் முடியும், காமன்வெல்த் நாட்டவர் என்பதால். தெரியாமல் எத்தனையோ பேர் பெயர் பதியாமல் இருக்கிறார்கள்.

கேள்வியை எப்படி எழுதிக் கொடுப்பது?

கேள்வியை ஏற்கும் அலுவலகத்துக்குச் சில விதிகள் உண்டு. தகவல் கேட்க வேண்டும், அல்லது நடவடிக்கை கோர வேண்டும். வாதம் செய்யக் கூடாது. பிரிட்டன் அமைச்சரின் பொறுப்புக்குள் வர வேண்டும். "இலங்கை அரசு ஏன் காணியைத் தரவில்லை?" என்றால் நிற்காது, அது கொழும்பைக் கேட்க வேண்டிய கேள்வி. "அது பற்றி நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்றால் நிற்கும்.

ஒரு கேள்வியில் ஒரு விஷயம் மட்டும் இருக்கட்டும். மூன்றைச் சேர்த்தால் எளிதான மூன்றாவதற்கு மட்டும் பதில் வரும். "சமீபத்தில்" என்று எழுதாதீர்கள், தேதி போடுங்கள். "செய்தாரா" என்பதைவிட "எந்த நாளில், யாரிடம்" என்பது பலமானது.

பதிலில் எந்தச் சொற்களைக் கவனிக்க வேண்டும்?

"தொடர்ந்து வலியுறுத்தி வருகிறோம்" என்று வந்தால் எப்போது, எந்த மட்டத்தில் என்று தேடுங்கள். தூதரக அதிகாரி பேசியதும் அமைச்சர் பேசியதும் ஒன்றல்ல. "கூர்ந்து கவனித்து வருகிறோம்" என்றால் இதுவரை முடிவு இல்லை. "உளவுத் தகவல் பற்றிக் கருத்துச் சொல்வதில்லை" என்பது ஆமும் அல்ல, இல்லையும் அல்ல. முன்பு தந்த இன்னொரு பதிலின் எண்ணைக் காட்டினால் சலிக்காமல் அதையும் எடுத்துப் படியுங்கள், சில நேரம் அதில்தான் விஷயம் இருக்கும்.

பதில் போதவில்லை என்றால்?

மறுபடி கேட்கலாம். முந்தைய கேள்வியின் எண்ணைக் குறிப்பிட்டு, அந்தப் பதிலின் தொடர்ச்சியாகக் கேட்பது வழக்கமான முறை.

அக்காவின் தாளுக்கு வருவோம். எம்.பி. கேட்டிருந்தது: வடக்கில் காணி விடுவிப்பு பற்றி இலங்கை அரசிடம் அமைச்சர் பேசியிருக்கிறாரா? பதில்: காணி விடுவிப்பு உள்ளிட்ட விஷயங்களை இலங்கை அரசிடம் பிரிட்டன் தொடர்ந்து எழுப்பி வருகிறது. கேட்டது அமைச்சரை, பதிலில் இருப்பது பிரிட்டன். அதை விரலால் காட்டியதும் அக்கா கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப, ஆர் கதைச்சது?" என்றார்.

அதைத்தான் கேள்வியாக்கினோம். ஒரு வாக்கியம், ஒரு விஷயம்: முந்தைய பதிலின் தொடர்ச்சியாக, 2025 ஜனவரி 1 முதல் வலிகாமம் வடக்கில் ராணுவத்தின் வசமுள்ள தனியார் காணிகள் பற்றி, அமைச்சர்கள் எந்தெந்தத் தேதிகளில், இலங்கை அரசின் எந்தப் பதவியில் உள்ளவர்களிடம் பேசினார்கள்? அக்கா அதைத் தன் கையெழுத்தில் இரண்டு முறை எழுதிப் பார்த்தார். திங்கள் காலை எம்.பி. அலுவலகத்துக்கு அனுப்பியாயிற்று.